இரும்பா, எண்ணெயா? – கம்பி பிரேக்குகளின் கதை

1930களின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பத்திரிகைகளில் வெளியான ஃபோர்டு கார் விளம்பரங்களில் ஒரு பெருமிதம் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். பெடலில் தொடங்கிச் சக்கரம்வரை உருக்கே உங்களைக் காக்கிறது என்பது அதன் சாரம். அது வெறும் பெருமிதம் அன்று, தற்காப்பும்கூட. கிரைஸ்லர் நிறுவனத்தின் மலிவுக் காரான பிளிமத் 1928இலேயே எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்குடன் சந்தைக்கு வந்துவிட்டது. 1936இல் செவர்லேயும் அவ்வழியே சென்றது. மலிவுக் கார்களின் மும்மூர்த்திகளில் ஃபோர்டு மட்டும் கம்பிகளையும் நெம்புகோல்களையும் விடாமல் பற்றிக்கொண்டிருந்தது. ஹென்றி ஃபோர்டு மனமிரங்கியது 1939ஆம் ஆண்டு மாடல்களுக்குத்தான்.

மோட்டார் வரலாறு எழுதுவோர் இதை ஒரு முதியவரின் பிடிவாதம் என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவது வழக்கம். பிடிவாதம் இருந்தது உண்மை. எனினும் அந்த ஒற்றை வரியில் இரண்டு செய்திகள் விடுபட்டுப் போகின்றன. ஃபோர்டின் அச்சத்தில் நியாயம் இருந்தது என்பது ஒன்று. அதை அமெரிக்கச் சட்டமே ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டது. கம்பி பிரேக் கெட்ட பெயர் எடுத்ததற்குக் கம்பியைவிட அதைப் பராமரித்த முறையே பெரிய காரணம் என்பது மற்றொன்று. இரண்டாவதைப் பற்றித்தான் இங்கே சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன்.

அதற்குமுன் சொல் பற்றி ஒரு சொல். நான் தமிழ் படித்தவன். ‘நிறுத்தி’, ‘தடுப்பி’ என்றெல்லாம் கலைச்சொல் அகராதிகள் தருவதை அறிவேன். ஆனால் எந்தப் பட்டறையிலும் ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் ‘பிடித்தல்’ என்ற வினையே போதுமான தமிழ். ஆகவே பிரேக், டிரம், ஷூ, லைனிங், பின் என்ற பட்டறைச் சொற்களையே ஆள்கிறேன். தூய தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க.

கம்பி பிரேக் எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழ் வாசகர்களுக்குப் படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை. அம்பத்தூரில் உருவான ஹெர்குலிஸ் சைக்கிளை ஓட்டியிருந்தாலே போதும். கைப்பிடிக்குக் கீழுள்ள பிடியை அழுத்தினால் ஒரு கம்பி மேலிழுக்கப்படும்; அது ரப்பர் கட்டைகளைச் சக்கர வளையத்தின் உட்பக்கம் அழுத்தும். முன் பிரேக் நேர்க்கம்பி. பின் பிரேக்கோ மூன்று நான்கு இடங்களில் வளைந்து திரும்பிப் போகும். சில ஆண்டுகள் ஓடிய சைக்கிளில் முன் பிரேக் பிடிப்பதும் பின் பிரேக் பெயருக்கு இருப்பதும் நாம் அறிந்ததே. காரணம் எளியது. ஒவ்வொரு மூட்டிலும் சிறிது தேய்மானம், சிறிது ஆட்டம். கை அழுத்தியதில் பாதி அந்த ஆட்டங்களை நிரப்புவதிலேயே செலவாகிவிடுகிறது. ஒரு காரின் பிரேக் பெடலிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் போகும் கம்பிகளை இதே கண்ணோடு பார்த்தால் பாதிக் கதை விளங்கிவிடும்.

மீதிப் பாதி முன்சக்கரங்களைப் பற்றியது. தொடக்கக் காலக் கார்களில் முன்சக்கரங்களுக்குப் பிரேக்கே கிடையாது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி அளவில் விற்ற ஃபோர்டு மாடல் டி காரில் பெடலை மிதித்தால் இறுகுவது கியர்ப்பெட்டிக்குள் இருக்கும் ஒரு பட்டை. பின்சக்கரங்களில் இருந்த பிரேக் கைநெம்புகோலுக்கு உரியது. வண்டி நிற்கும்போது எடை முன்பக்கம் சாய்கிறது. ஆகவே தரையை நன்றாகப் பற்றியிருப்பவை முன்சக்கரங்களே. அங்கே பிரேக் இல்லாவிட்டால் பிடிக்கும் ஆற்றலில் பெரும்பங்கு வீணாகிறது. இது பொறியாளர்களுக்குத் தெரியாததன்று. தெரிந்தும் தயங்கியதற்கு இரு காரணங்கள் இருந்தன. முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி திரும்பாது, கவிழ்ந்துவிடும் என்ற அச்சம் ஒன்று. மற்றொன்று அச்சமன்று, உண்மையான இயந்திரச் சிக்கல்.

முன்சக்கரம் மற்றச் சக்கரங்களைப் போல் உருள்வதோடு நிற்பதில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் இடவலமாகத் திரும்புகிறது. பள்ளத்தில் விழுந்தால் வில்லோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. இப்படி இரண்டு வகையில் அசையும் பொருளுக்குச் சட்டகத்திலிருந்து ஒரு நேர்க்கம்பியைக் கட்டினால் என்ன ஆகும்? வளைவில் திரும்பும்போது கம்பி தானே இழுபட்டு ஒரு பக்கச் சக்கரம் பிடித்துக்கொள்ளும், மறுபக்கம் தளர்ந்துவிடும். ஓட்டுநர் பெடலைத் தொடாமலே வண்டி பிரேக் போட்டுக்கொள்ளும்.

இச்சிக்கலைத் தீர்த்தவர்களுள் முதன்மையானவர் ஆன்றி பெரோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர். ஸ்காட்லாந்தின் ஆர்கைல் நிறுவனம் 1911ஐ ஒட்டி நான்கு சக்கர பிரேக் கொண்ட கார்களை விற்றதில் அவருடைய பங்கு பெரிது. சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ, அதாவது கிங் பின் என்று நம் மெக்கானிக்குகள் சொல்கிறார்களே அந்த அச்சின் கோட்டிலேயே விசையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தீர்வு. அச்சின் மேலேயே அசைந்துகொடுக்கும் மூட்டு ஒன்று இருந்தால், சக்கரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் இழுப்பின் நீளம் மாறாது. கேட்கும்போது எளிதாகத் தோன்றும். ஆனால் முதல் உலகப்போருக்குப் பின்னர்தான் இது பரவலாயிற்று. 1919இல் வந்த இஸ்பானோ-சுய்சா ஒருபடி மேலே சென்று, ஓடும் கியர்ப்பெட்டியின் சுழற்சியையே பிரேக்குக்கு உதவியாக இழுத்துக்கொண்டது. அந்த உரிமத்தை வாங்கிய ரோல்ஸ்-ராய்ஸ் 1924 முதல் அதனைக் கையாளத் தொடங்கியது. 1920களில் பிரிட்டனில் நான்கு சக்கர பிரேக் உள்ள கார்கள் பின்பக்கத்தில் ஒரு சிவப்பு முக்கோணத்தைத் தாங்கிச் சென்றன. முன்னால் போகிறவர் சட்டென்று நின்றுவிடுவார், பின்னால் வருகிறவர் தள்ளியே வருக என்பது அதன் பொருள். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்பதே பிறருக்கு எச்சரிக்கையாக இருந்த காலம்!

இனி, நான்கு சக்கரங்களுக்கும் விசை போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது; சமமாகச் சேர வேண்டும். வலது முன்சக்கரம் இடதைவிட வலுவாகப் பிடித்தால் வண்டி வலப்பக்கம் இழுக்கும். மெதுவாகப் போகையில் அது ஸ்டியரிங்கில் ஒரு சிறு திமிறல். வேகத்திலும் ஈரச் சாலையிலும் அதுவே எதிர்வரும் வண்டியின் முகத்தில் கொண்டுபோய் நிறுத்தும். சமன்படுத்துவதற்குப் பழைய உழவர் அறிவு ஒன்று துணைக்கு வந்தது. இரண்டு மாடுகளைப் பூட்டும் நுகத்தடியை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு பிடிமானம். ஒரு மாடு முந்தினால் தடி சற்றுத் திரும்பி, சுமையை இரண்டுக்கும் பகிர்ந்துவிடுகிறது. அதேபோல் இடவலக் கம்பிகளுக்கு நடுவே ஒரு சமன் தண்டை வைத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஒரு பக்கக் கம்பி அறுந்தால் தண்டு முழுவதுமாகச் சுழன்றுவிடும். மறுபக்கமும் இழுக்க ஆளில்லாமல் போகும். தவிர, சேற்றிலும் புழுதியிலும் அத்தண்டு துருவேறி இறுகிவிட்டால் அது இருந்தும் இல்லாததே.

எண்ணெய்க்கு இந்தத் தொல்லை இல்லை. மூடிய குழாய்க்குள் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அவ்வழுத்தம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் சொல்லிவிட்டார். குழாய் எவ்வளவு வளைந்தாலும், நீண்டாலும், சக்கரம் எப்படித் திரும்பினாலும் அழுத்தத்துக்குக் கவலையில்லை. இதைக் காருக்குக் கொண்டுவந்தவர் மால்கம் லாகீட். விமானத் துறையில் லாக்ஹீட் என்று புகழ்பெற்ற உடன்பிறப்புகளுள் ஒருவர். 1917இல் உரிமம் பெற்றார். 1921இல் லெ மானில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் ஹைட்ராலிக் பிரேக் பூட்டிய டூசன்பர்க் காரில் ஜிம்மி மர்ஃபி வென்றார். அவ்வாண்டே அந்நிறுவனத்தின் மாடல் ஏ, நான்கு சக்கரத்திலும் ஹைட்ராலிக் பிரேக்குடன் விற்பனைக்கு வந்தது. 1924இல் கிரைஸ்லர் அதை நடுத்தர விலைக் காருக்குக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் கசிவைத் தடுக்கத் தோல் வளையங்களைப் போட்டிருந்தார்கள், அவை கசிந்தன. கிரைஸ்லரின் பொறியாளர்கள் ரப்பர் கிண்ணங்களுக்கு மாறிய பின்னரே அமைப்பு நம்பத்தக்கதாயிற்று. அக்காலப் பிரேக் எண்ணெய் என்பது ஆமணக்கெண்ணெயும் சாராயமும் கலந்த கலவை என்பதை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. நம் பாட்டிமார் குழந்தைகளின் வயிற்றுக்குக் கொடுத்த அதே எண்ணெய், அட்லாண்டிக்குக்கு அப்பால் கார்களை நிறுத்திக்கொண்டிருந்தது.

இத்தனையும் நடந்த பிறகு, 1927 டிசம்பர் 2ஆம் நாள் ஃபோர்டு தன் புதிய மாடல் ஏ காரை அறிமுகப்படுத்தியது. (மேலே சொன்ன டூசன்பர்க் மாடல் ஏ வேறு, இது வேறு, பெயர் மட்டுமே ஒன்று.) நான்கு சக்கரங்களுக்கும் பிரேக்; ஆனால் முழுக்க முழுக்கக் கம்பி. 1931வரை ஏறத்தாழ 48 லட்சம் கார்கள் உருவாயின. இன்றும் உலகெங்கும் பழங்கார் ஆர்வலர்களிடம் மிகுதியாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார்களில் இது ஒன்று. கம்பி பிரேக்கைப் பராமரிக்கக் கற்றுக்கொள்பவர் பெரும்பாலும் இதன் அடியில்தான் படுத்திருப்பார்.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெடலிலிருந்து ஒரு குறுங்கம்பி, சட்டகத்தின் குறுக்கே கிடக்கும் ஒரு தண்டைத் திருப்புகிறது. அந்தக் குறுக்குத் தண்டின் இரு முனைகளிலிருந்தும் முன்னே இரண்டு, பின்னே இரண்டு என நான்கு நீண்ட கம்பிகள். ஒவ்வொரு கம்பியின் முனையிலும் கவட்டை போன்ற ஒரு பிளவு முனை. அதன் ஊடே ஒரு பின். பின் கழன்று விழாமல் இருக்க ஒரு காட்டர் பின். பின்சக்கரத்தில் கம்பி ஒரு நெம்புகோலை இழுக்க, அது ஒரு கேமைத் திருப்ப, ஷூக்கள் விரிந்து டிரம்மை உரசுகின்றன. முன்சக்கரத்தில்தான் அழகு. கிங் பின்னை நடுவில் துளையிட்டு, அந்தத் துளை வழியே ஒரு நீண்ட ஆணியை இறக்கியிருப்பார்கள். நெம்புகோல் அந்த ஆணியை மேலிருந்து அழுத்தும். ஆணியின் நுனி கீழே ஓர் ஆப்பை அழுத்தும். ஆப்பு ஷூக்களை விரிக்கும். சக்கரம் திரும்பும் அச்சின் உள்ளேயே விசை பயணம் செய்வதால் ஸ்டியரிங் திரும்புவது அதைப் பாதிப்பதில்லை. பெரோவின் சிக்கலுக்கு இதைவிட எளிய விடையை நான் கண்டதில்லை. சமன் தண்டு எதுவும் இதில் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே ஒழுங்கு செய்துகொள்ள வேண்டியதுதான். அதாவது, சமன்படுத்தும் பொறுப்பு இயந்திரத்திடமிருந்து மெக்கானிக்கின் கைக்குப் போய்விட்டது. நன்மையும் வினையும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

1928இன் தொடக்கக் கார்களில் கைபிரேக்கும் காலில் மிதிக்கும் பிரேக்கும் ஒரே ஷூக்களையே இயக்கின. சில மாநிலங்களின் சட்டம் அவசர பிரேக் தனியாக இருக்க வேண்டும் என்று கேட்டதால், அவ்வாண்டிலேயே பின் டிரம்களுக்குள் கைபிரேக்குக்கெனத் தனிப் பட்டை சேர்க்க வேண்டியதாயிற்று. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு வழி அடைபட்டால் மறுவழி இருக்க வேண்டும் என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது.

இனிப் பராமரிப்புக்கு வருவோம். பத்தாயிரம் மைல் மண்சாலையில் ஓடிய ஒரு மாடல் ஏ பட்டறைக்கு வருகிறது. பெடல் தரைவரை போகிறது, வண்டி நிற்கவில்லை. மெக்கானிக் என்ன செய்வார்? கவட்டை முனை மரையில் ஏறியிருக்கிறது. பின்னைக் கழற்றி, கவட்டையை நாலு சுற்றுச் சுற்றிக் கம்பியைக் குட்டையாக்கி மீண்டும் பூட்டிவிட்டால் பெடல் உடனே மேலே வந்துவிடும். கால்மணி நேர வேலை. உரிமையாளர் மகிழ்ச்சியோடு போய்விடுவார். கம்பி பிரேக்கின் பெயரைக் கெடுத்தது இந்தக் கால்மணி நேர வேலைதான் என்பது என் துணிபு.

ஏன் அது தவறு? முன்சக்கரத்து நெம்புகோல் ஓய்வில் இருக்கும்போது சற்று முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். கம்பி அதைப் பின்னோக்கி இழுக்கும். ஷூ டிரம்மைத் தொட்டு அழுத்தும் தருணத்தில் நெம்புகோலும் கம்பியும் செங்கோணத்தை நெருங்க வேண்டும். செங்கோணத்தில்தான் இழுப்பு முழுமையாகத் திருகுவிசையாக மாறும். கம்பியைக் குட்டையாக்கினால் நெம்புகோல் ஓய்விலேயே நிமிர்ந்துவிடுகிறது. பிறகு மிதிக்க மிதிக்கச் செங்கோணத்தைத் தாண்டிச் சாய்கிறது. கால் வலுவாக அழுத்த அழுத்தப் பலன் குறைந்துகொண்டே போகும். பெடல் உயரமாக இருக்கும். மிதிக்கக் கெட்டியாக இருக்கும். வண்டி மட்டும் நிற்காது. இதைவிட ஆபத்தானது வேறில்லை. தரைவரை போகும் பெடல் ஓட்டுநரை எச்சரிக்கிறது. கெட்டியான பெடல் அவரை ஏமாற்றுகிறது.

லைனிங் தேய்ந்திருந்தால் அதைச் சரிக்கட்ட ஃபோர்டு வேறோர் இடம் வைத்திருந்தது. ஒவ்வொரு சக்கரத்தின் பின்தட்டிலும் சதுரத் தலை கொண்ட ஒரு திருகாணி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் திருகினால் ஷூக்கள் டிரம்மை நோக்கி நகரும். நெம்புகோலின் சாய்வு மாறாது. திருகும்போது ‘டிக்’கென்று படிப்படியாகத் தட்டும், எத்தனை தட்டு என்று எண்ணிக்கொள்ளலாம். லைனிங்கின் தேய்மானத்துக்கு மருந்து சக்கரத்தருகே. மூட்டுகளின் தேய்மானத்துக்கு மருந்து மூட்டுகளிலே. இரண்டையும் கம்பியின் நீளத்தில் மறைப்பது நோயைக் குணப்படுத்தாமல் காய்ச்சலை மட்டும் இறக்குவது போன்றது.

முறையான வேலை எப்படி நடக்கும்? வண்டியின் நான்கு சக்கரங்களையும் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பவர்களைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஒருவர் பெடலை மெல்ல மிதிக்க, இன்னொருவர் ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். பெடல் அசைந்தும் எந்த இடத்தில் கம்பி அசையாமல் நிற்கிறதோ அங்கே ஆட்டம் இருக்கிறது என்று பொருள். எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. பெடலுக்கும் முன் ஷூவுக்கும் இடையே ஆறு மூட்டுகள், ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3 மில்லிமீட்டர். பெடலின் நெம்புகோல் விகிதம் ஐந்துக்கு ஒன்று என்றால் காலடியில் அது 15 மில்லிமீட்டராகப் பெருகும். கண்ணுக்கே தெரியாத தேய்மானம் காலுக்குத் தெரிவது இப்படித்தான்.

ஆகவே தேய்ந்த பின்களைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதியவற்றைப் போட வேண்டும். வட்டமாக இருந்த துளை முட்டை வடிவமாகியிருந்தால் புதுப் பின் மட்டும் போதாது. துளையை வெல்டிங் வைத்து அடைத்து மீண்டும் துளைக்க வேண்டும், அல்லது பெரிதாக்கிப் புஷ் இறக்க வேண்டும். குறுக்குத் தண்டைத் தாங்கும் புஷ்களையும் விடக்கூடாது. அங்கே இருக்கும் ஆட்டம் நான்கு சக்கரங்களையும் ஒருசேரப் பாதிக்கும். முன்சக்கரத்தில் கிங் பின் வழியே இறங்கும் ஆணியின் நுனி, அதை அழுத்தும் நெம்புகோலின் உருண்டை முனை, கீழே உள்ள ஆப்பு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தின்று தேயும். ஆணியின் நீளம் சிறிதளவு குறைந்தாலே நெம்புகோலின் சாய்வு கண்ணுக்குத் தெரியும்படி மாறிவிடும். இவற்றை உலோகம் ஏற்றி, பழைய அளவுக்குக் கடைந்து கொண்டுவருவது பொறுமை கேட்கும் வேலை.

டிரம்மைத் திறக்கும் இடத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்தது. அதன் தூசி நுரையீரலுக்குள் சென்றால் பல பத்தாண்டுகள் கழித்தும் புற்றுநோயாக வெளிப்படும் என்பது 1930களின் மெக்கானிக்குக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் காற்றுக்குழாயை வைத்து ஊதித் தள்ளினார். இன்று பழங்காரைத் திறப்பவர் ஒருபோதும் ஊதக்கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இந்தப் பிரேக்குகள் பறித்த உயிர்களில் சாலையில் பறிக்கப்படாதவையும் உண்டு. அவற்றை எந்த விபத்துக் கணக்கிலும் காண முடியாது.

டிரம்மும் பேச வேண்டியதே. மாடல் ஏயின் அசல் டிரம்கள் அழுத்தி வடித்த உருக்குத் தகடுகள். நீண்ட இறக்கத்தில் சூடேறினால் விரிந்து, வடிவம் நெகிழ்ந்து, ஷூவிடமிருந்து விலகும். பழுதுபார்ப்பவர்கள் இப்போது பெரும்பாலும் வார்ப்பிரும்பு டிரம்களை நாடுகிறார்கள். புது லைனிங்கை டிரம்மின் வளைவுக்குப் பொருந்தத் தேய்த்துக்கொள்ளாவிட்டால் நுனியும் அடியும் மட்டும் படும், அல்லது நடு மட்டும் படும். பின் அச்சின் எண்ணெய் கசிந்து லைனிங்கில் ஊறியிருந்தால், மேலே சொன்ன எந்த வேலையாலும் பயனில்லை. முதலில் கசிவை நிறுத்த வேண்டும்.

இவை எல்லாம் முடிந்த பின்னரே கம்பியின் நீளத்துக்கு வர வேண்டும். அதற்கு ஒரு சோதனை உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. பெடல் ஓய்வில் இருக்க வேண்டும். நெம்புகோலைக் கையால் தள்ளி ஆட்டத்தை மட்டும் நீக்க வேண்டும், ஷூ அசையக்கூடாது. அந்நிலையில் கவட்டையின் துளையும் நெம்புகோலின் துளையும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கும்படி கவட்டையைத் திருகிக்கொள்ள வேண்டும். பின்னை இரண்டு விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் நீளம் தவறு.

பிறகு பெடலுக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துப் பெடலைக் குறிப்பிட்ட அளவு அழுத்தி வைத்து, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். கட்டையில் இரண்டு மூன்று வெட்டுகள். ஒவ்வொரு வெட்டும் ஓர் அழுத்தம். இடவலச் சக்கரங்கள் ஒரே அளவு இறுக வேண்டும். பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிடச் சற்று முந்திப் பிடிக்க வேண்டும் என்பது அக்கால விதி. முன்சக்கரம் பூட்டிக்கொண்டு ஸ்டியரிங் செத்துப்போவதைவிடப் பின்சக்கரம் வழுக்குவது மேல் என்று கருதினார்கள். கடைசியாக, ஆளில்லாத உலர்ந்த சாலையில் மெதுவாக ஓட்டி மிதித்து, தரையில் விழுந்த தடங்களை இறங்கிப் பார்ப்பார்கள்.

இந்த வேலையைச் செய்யும் பட்டறை முழுநாளைச் செலவிட வேண்டும். மந்தக் காலத்து அமெரிக்காவில், பழைய மாடல் ஏயை ஐந்தாவது கையாக வாங்கி ஓட்டிய ஒரு தொழிலாளி அதற்குக் கூலி கொடுத்திருப்பாரா? கால்மணி நேர வேலையைத்தான் கேட்டிருப்பார். கம்பி பிரேக்கின் உண்மையான குறை இங்கேதான் இருக்கிறது. அது நல்ல கையில் நல்ல பிரேக். ஆனால் நல்ல கையை வண்டியோடு சேர்த்து விற்க முடியாது. ஹைட்ராலிக் அமைப்பில் லைனிங்கும் டிரம்மும் தேயத்தான் செய்யும். ஆனால் இடவலச் சமன்பாடு எண்ணெயின் இயல்பிலேயே அமைந்துவிடுகிறது. அரைகுறைப் பராமரிப்பையும் அது பொறுத்துக்கொள்ளும்.

ஃபோர்டு நிறுவனத்துக்குள்ளேயே இதை உணர்ந்தவர் ஹென்றியின் மகன் எட்சல். ஹைட்ராலிக்குக்கு மாற வேண்டும் என்று அவர் வாதிட்டார், தந்தை இசையவில்லை. 1932இல் வந்த புகழ்பெற்ற வி-எட்டு எஞ்சின், மாடல் ஏயின் 40 குதிரைத்திறனை 65 ஆக்கியது; நிறுத்துவதற்கோ அதே கம்பிகள். 1937இல் கம்பிக்குப் பதில் கேபிள் வந்தது. 1939 மாடல்களில் எண்ணெய் வந்தது. பிரேக் இல்லாத வேகத்தை விற்ற அந்த ஆறேழு ஆண்டுகளுக்கு ஹென்றி ஃபோர்டை மன்னிக்க என்னால் இயலவில்லை. மாடல் ஏக்காக வாதாடலாம், வி-எட்டுக்காக முடியாது.

ஆனால் அவர் அஞ்சியது எதற்கு? குழாயில் ஓரிடத்தில் உடைந்தால் எண்ணெய் வெளியேறி நான்கு சக்கரமும் ஒரே நொடியில் கைவிட்டுவிடும் என்பதற்கு. அது கற்பனையன்று. ஒற்றைச் சுற்றில் ஓடிய அக்கால ஹைட்ராலிக் அமைப்புகள் அனைத்திலும் அந்த ஆபத்து இருந்தது. கம்பி ஒன்று அறுந்தால், சமன் தண்டு இல்லாத மாடல் ஏயில், மற்ற மூன்று சக்கரங்கள் மிஞ்சும். தேய்ந்த பின் குனிந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். உள்ளுக்குள் நைந்த ரப்பர் தெரியாது. முன்சக்கரங்களுக்கு ஒன்று, பின்சக்கரங்களுக்கு ஒன்று என எண்ணெய்ப் பாதையை இரண்டாகப் பிரிக்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டரை 1962 மாடல்களில் கேடிலாக்கும் அமெரிக்கன் மோட்டார்ஸும் கொண்டுவந்தன. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் அதை எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாக்கியது 1968 ஜனவரியில். 1928இல் மாநிலச் சட்டங்கள் ஃபோர்டிடம் கேட்ட அதே கேள்வியை ஹைட்ராலிக்கிடம் கேட்க நாற்பதாண்டுகள் ஆயின.

கம்பியும் கேபிளும் அதற்குள் மறைந்துவிடவில்லை. அவை நீடித்த இடங்களைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பிரிட்டனில் மிக மலிவான கார்களில் ஒன்றான ஃபோர்டு பாப்புலர் 1953 முதல் 1959 வரை கம்பி பிரேக்குடனேயே விற்றது. ஜெர்மனியில் வோக்ஸ்வாகன் பீட்டிலின் ஏற்றுமதி மாடலுக்கு 1950இலேயே ஹைட்ராலிக் வந்துவிட, உள்நாட்டின் மலிவு மாடல் 1962வரை கேபிளோடு ஓடியது. மறுமுனையில் ரோல்ஸ்-ராய்ஸ். போருக்குப் பிந்தைய கார்களில் 1965இல் சில்வர் ஷேடோ வரும்வரை எண்ணெயையும் கம்பியையும் கலந்தே வைத்திருந்தது. ஏழை வாங்கும் காருக்குக் கம்பி, விலை குறைவு என்பதற்காக. சீமான் வாங்கும் காருக்குக் கம்பி, அதைப் பேண ஓட்டுநரும் மெக்கானிக்கும் சம்பளத்தில் இருந்தார்கள் என்பதற்காக. நடுவில் இருந்தவர்களுக்குத்தான் எண்ணெய் முதலில் தேவைப்பட்டது.

இன்று மாடல் ஏ வைத்திருப்போரிடையே அசல் கம்பிகளைப் பேணுவதா, ஹைட்ராலிக்குக்கு மாற்றுவதா என்ற வழக்கு ஓய்ந்தபாடில்லை. இரு தரப்பும் உணர்ச்சியோடு வாதிடுகிறார்கள். நெரிசல் மிக்க சாலையில் அன்றாடம் ஓட்டுபவர் மாற்றிக்கொண்டால் அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் தேய்ந்த பின்களையும் நெளிந்த டிரம்களையும் வைத்துக்கொண்டு, கம்பி பிரேக்கே இப்படித்தான் என்று சொல்லி மாற்றுபவர், அந்த வண்டி எப்படி நிற்கும் என்பதை ஒருமுறைகூட அறியாமலே மாற்றுகிறார். அப்படி மாற்றியவரும் வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு இறங்கும் கைபிரேக்குக்காக ஒரு கம்பியையோ கேபிளையோ தேடிப் பூட்ட வேண்டியிருக்கிறது. அதன் முனையில் ஒரு கவட்டை, ஒரு பின், ஒரு காட்டர் பின்.